பூச்சுக்கு முன்னாலா, பின்னாலா?

அக்கா வீட்டு வேலை நடந்துகொண்டிருந்த சமயம். காலை எட்டு மணிக்கு மேஸ்திரி போன் செய்தார். "சார், பிளான்ல ரூம் உள்கூடு, அதாவது உள் அளவு, 11 அடின்னு போட்டிருக்கு. அது செங்கல்லுக்குச் செங்கல்லா, பூச்சுக்குப் பூச்சா?"

நான் வேறொரு சைட்டில் கான்கிரீட் வண்டிக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். "பேப்பர்ல இருக்கிறபடி கட்டுங்க மேஸ்திரி" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் போன் செய்ததே பேப்பரில் அது இல்லை என்பதால்தான் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

அவர் செங்கல்லுக்குச் செங்கல் 11 அடி வைத்துக் கட்டினார். இரண்டு பக்கமும் அரை இஞ்ச் பூச்சு ஏறியது. வெள்ளையடிக்கும் முன்பு மாமா ஒரு டேப்போடு வந்து அறைக்குள் நீட்டிப் பார்த்தார். 10 அடி 11 இஞ்ச். மனையடி சாஸ்திரம் பார்த்து, புத்தகத்தை இரண்டு முறை புரட்டி, 11 என்று சொல்லிச் சொல்லி வாங்கிய அளவு அது. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது, அவருக்கு உண்டு. வீடு அவருடையது. இப்போதும் அந்த வீட்டில் கேஸ் தீர்ந்தாலும் மோட்டார் நின்றாலும் அந்த ஓர் இஞ்ச்தான் காரணம்.

நான் சிவில் டிப்ளமோ படித்தவன். பதினெட்டு வருடமாகத் திருச்சி, லால்குடிப் பக்கம் சின்னச் சின்ன வீடுகள் கட்டிக்கொடுக்கிறேன். தினமும் யாரோ வரைந்த பிளானைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதுதான் என் பிழைப்பு. அப்படியிருந்தும் சொந்த அக்கா வீட்டுக்குப் பிளான் வரைய டிராஃப்ட்ஸ்மேனைப் பிடிக்கும்போது எல்லாரும் செய்கிற தப்பையே செய்தேன். ஒருவர் லேப்டாப்பில் வீட்டின் முகப்பை முப்பரிமாண எலிவேஷன் படமாகக் காட்டினார். மாலை வெயில், வாசலில் வெள்ளைக் கார், பால்கனியில் தொங்கும் செடி. அக்காவுக்குப் பிடித்துவிட்டது. எனக்கும்தான். அந்தப் படத்தை வைத்துச் செங்கல் ஒன்றைக்கூட வைக்க முடியாது என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

கதை படிக்கட்டில்தான் முற்றியது. தரைத் தளத்தின் தரையிலிருந்து மேல்தளத் தரைக்கு 10 அடி 6 இஞ்ச். அதாவது 126 இஞ்ச். பிளானில் 16 படி வரைந்திருந்தது, மேலே எட்டு, கீழே எட்டு. மேஸ்திரி சுவரில் சாக்பீஸால் படி குறிக்கும்போது நின்றுவிட்டார். 126-ஐ 16 ஆல் வகுத்தால் ஒரு படிக்கு 7 இஞ்ச் 7 நூல் வருகிறது. நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒன்று, கட்டட வேலையில் இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மில்லிமீட்டரில் அது 200. தேசியக் கட்டட விதித் தொகுப்பு வீட்டுப் படிக்கு 190 மில்லிமீட்டர்தான் உச்சம் என்கிறது. உச்சம் என்பதே வாலிபர் ஏறுவதற்கு. அக்காவின் மாமியாருக்கு எழுபது வயது.

சரி, 18 படி ஆக்கினால் ஒவ்வொன்றும் 7 இஞ்ச். கணக்கு சுத்தமாக வருகிறது. ஆனால் படி கூடினால் நீளம் கூடும். ஒரு பக்கத்துக்கு ஒரு மிதி, அதாவது கால் வைக்கும் இடம், அதிகம்: 10 இஞ்ச். அது ஹாலுக்குள் வந்து உட்கார்ந்தது. சோபா போட நினைத்திருந்த மூலையில் இப்போது படிக்கட்டின் முதல் படி இருக்கிறது.

இதைவிடப் பெரிய கூத்து அதன் கீழே. நடுத் திருப்பத்துக்குக் கீழே ஒரு பாத்ரூம் வரைந்திருந்தார்கள். பிளானில் அழகாக இருந்தது, கோப்பை, குழாய், கதவு எல்லாம். நடுத் திருப்பம் பாதி உயரத்தில் வரும்: 5 அடி 3 இஞ்ச். அதில் ஸ்லாபும் பூச்சும் 6 இஞ்ச் எடுத்துக்கொண்டால் மிச்சம் 4 அடி 9 இஞ்ச். பாத்ரூமுக்குக் குறைந்தது 2.1 மீட்டர் உயரம் வேண்டும், ஏறத்தாழ 7 அடி. தரையை இறக்கலாம் என்றால் கழிவுநீர்க் குழாய் வெளியே அது போய்ச் சேரும் சேம்பர் தொட்டியைவிடக் கீழே போய்விடும். அந்த இடத்தில் இப்போது இன்வெர்ட்டரும் செருப்பு ஸ்டாண்டும் இருக்கின்றன.

பிளான் என்பது மேலிருந்து பார்க்கும் பார்வை. அதில் உயரம் தெரியாது. உயரத்தைக் காட்டுவதற்குத்தான் செக்ஷன் என்று ஒன்று. வீட்டைக் கத்தியால் வெட்டிப் பக்கவாட்டில் பார்க்கிற மாதிரி. அக்கா வீட்டு டிராயிங்கிலும் செக்ஷன் இருந்தது. வெட்டுக்கோடு எந்த வழியாகப் போகிறது என்று பிறகுதான் கவனித்தேன். படுக்கையறை, ஹால், இன்னொரு படுக்கையறை. படியைத் தொடவில்லை, பாத்ரூமைத் தொடவில்லை. சிக்கல் இல்லாத இடமாகப் பார்த்து வெட்டியிருந்தார்கள். அன்றிலிருந்து எந்த டிராயிங் வந்தாலும் முதலில் அந்தக் கோடு படி வழியாகப் போகிறதா என்று பார்க்கிறேன். வரைந்தவர் யோசித்தாரா, தாளை நிரப்பினாரா என்பது அங்கேயே பாதி தெரிந்துவிடும்.

தரம், ஸ்டாண்டர்ட் என்றெல்லாம் பேசும்போது நம் ஆட்களுக்கு அது ஏதோ கம்பெனிக்காரர்களின் சமாசாரம் என்று நினைப்பு. கட்டட வரைபடத்துக்கு இந்தியத் தரக் குறியீடு இருக்கிறது, ஐ.எஸ். 962 என்று. 1989-ல் திருத்திய பதிப்பு. பள்ளி, கல்லூரிகளுக்கு எஸ்.பி. 46 என்ற கையேடு. கம்பி விவரம் வரைவதற்கு எஸ்.பி. 34, 1987-ல் வந்தது. ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் டிராஃப்ட்ஸ்மேன் சிவில் படிக்கிற பிள்ளைகள் இதையெல்லாம் தொட்டுத்தான் வருகிறார்கள். ஆனால் கம்ப்யூட்டரில் வரையும் ஆட்டோகேட் மென்பொருளை மட்டும் மூன்று மாதம் கற்றுக்கொண்டு வருகிறவருக்குக் கோடு போடத் தெரியும். எந்தக் கோடு எவ்வளவு தடிமன், ஏன் என்று தெரியாது.

தடிமன் விஷயத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் ஓர் அழகு இருக்கிறது. டிராயிங் பேனா அளவுகள் மில்லிமீட்டரில் 0.18, 0.25, 0.35, 0.5, 0.7 என்று போகும். ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு, சரியாகச் சொன்னால் இரண்டின் வர்க்கமூலம். தாள் அளவுகளும் அப்படியே: ஏ1 தாளைப் பாதியாக மடித்தால் ஏ2. பெரிய தாளில் 0.7 தடிமனில் போட்ட கோட்டை ஓர் அளவு சிறிய தாளுக்குக் குறைத்தால் அது 0.5 ஆகிவிடும். அதன்மேல் 0.5 பேனாவால் திருத்தம் எழுதினால் ஒட்டுப்போட்டதே தெரியாது. ரோட்ரிங் பேனாக்களில் இதற்காக வண்ண வளையம் இருக்கும், 0.35-க்கு மஞ்சள், 0.5-க்குப் பழுப்பு, 0.7-க்கு நீலம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆபீசில் ஒரு பெரியவர் அந்தப் பேனாக்களைச் சாமி அலமாரியில் வைப்பதுபோல் வைத்திருப்பார். டிரேசிங் தாளில் தப்பாகப் போட்ட கோட்டைப் பாதி பிளேடால் சுரண்டி எடுப்பார். ஒரு ஜன்னலைத் தள்ள அரை நாள் ஆகும். அதனால் ஜன்னலை வரைவதற்கு முன் இரண்டு நாள் கேள்வி கேட்பார்.

அந்தக் காலமே நல்லது என்று சொல்ல வரவில்லை. டிராயிங்கை நகலெடுக்கும் அம்மோனியா பிரிண்ட் அறைக்குள் பத்து நிமிடம் நின்றவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

தடிமன் ஏன் முக்கியம் என்றால், வெட்டுப்பட்ட சுவர் கனமாகவும், தூரத்தில் தெரிகிற விளிம்பு மெலிதாகவும், அளவுக் கோடு அதைவிட மெலிதாகவும் இருந்தால்தான் கொத்தனார் கண் சுவரில் போய் நிற்கும். எல்லாம் ஒரே தடிமனில் வந்தால் டைல்ஸ் கோடும் சுவர்க்கோடும் ஒன்றாகத் தெரியும். இப்போது கொத்தனார் பிளானைப் பார்ப்பது ஆறு இஞ்ச் போன் திரையில், வாட்ஸாப்பில் வந்த பி.டி.எஃப். வெயிலில், ஒரு கையில் கரண்டியோடு. அந்த மனுஷனுக்காக வரைகிறோம் என்ற நினைப்பு இருந்தால் எழுத்தின் அளவே மாறிவிடும்.

ஜெராக்ஸ் கடையில் 'தாளுக்குள் அடங்கும்படி' என்று பிரிண்ட் கொடுத்துவிடுகிறார்கள். 1:100 என்று தாளில் எழுதியிருக்கும், உண்மையில் 1:137-ஓ என்னவோ. யாராவது ஸ்கேல் வைத்து அளந்தால் தொலைந்தோம். அதனால்தான் எழுதிய அளவையே எடுக்கவேண்டும், அளந்து எடுக்கக்கூடாது என்று டிராயிங்கில் ஒரு குறிப்பு இருக்கும். அப்படியானால் எழுதிய அளவு சரியாக இருக்கவேண்டும் அல்லவா? இங்கே வருகிறது நான் பார்த்ததிலேயே மோசமான பழக்கம்.

அக்கா வீட்டு ஃபைலை, எல்லாம் முடிந்தபிறகு, கேட்டு வாங்கித் திறந்து பார்த்தேன். ஓர் அறையில் அளவு 11 அடி என்று எழுதியிருந்தது. கோட்டை அளந்தால் 10 அடி 10 இஞ்ச். ஆட்டோகேட் மாதிரி மென்பொருளில் அளவு எண் தானாக வரும். கோட்டை இழுத்தால் எண்ணும் மாறும். அந்த எண்ணை அழித்துவிட்டு மேலே கையால் வேறு எண் தட்டச்சு செய்யவும் வழி இருக்கிறது. மாமா கடைசி நேரத்தில் 11 கேட்டிருக்கிறார். சுவரைத் தள்ளினால் பத்து இடத்தில் திருத்தவேண்டும். எண்ணை மாற்றினால் ஒரு நொடி. டிராஃப்ட்ஸ்மேன் எண்ணை மாற்றிவிட்டார். சுவர் அங்கேயே நின்றது, எண் மட்டும் 11 ஆனது.

இதைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டர் தெரியவேண்டாம். கூட்டல் தெரிந்தால் போதும். பிளானில் ஒரு வரிசையை எடுங்கள்: வெளிச்சுவர் 9 இஞ்ச், அறை 11 அடி, நடுச்சுவர் நாலரை இஞ்ச், ஹால் 16 அடி, வெளிச்சுவர் 9 இஞ்ச். கூட்டினால் 28 அடி பத்தரை இஞ்ச் வரவேண்டும். அக்கா வீட்டுத் தாளில் வெளியளவு 28 அடி எட்டரை இஞ்ச் என்று இருந்தது. கையால் தட்டிய அந்த இரண்டு இஞ்ச்தான் குறைகிறது. வீட்டுக்காரரே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை. நான் சிவில் படித்தவன், செய்யவில்லை.

அப்புறம் இந்த அடி, மீட்டர் குழப்பம். அப்ரூவலுக்குப் போகும் டிராயிங் மீட்டரில், சைட்டில் பேச்செல்லாம் அடி, இஞ்ச், நூல். 12 மில்லிமீட்டர் கம்பியை நாலு நூல் என்பார்கள், 16-ஐ அஞ்சு நூல் என்பார்கள். நடுவில் மாற்றி எழுதும்போது 10 அடி 6 இஞ்சை 10.6 அடி என்று எழுதிவிடுகிறவர்கள் நிறைய. 10.6 அடி என்றால் 10 அடி 7 இஞ்சுக்குக் கொஞ்சம் மேல். ஒரு இஞ்ச்தானே என்று தோன்றும். கதவுக்கு மேலே வரும் லிண்டலின் மட்டத்தில் ஓர் இஞ்ச் தவறினால் கதவு நிலை நுழையாது.

கம்பி டிராயிங்கில் தப்பு வந்தால் இப்படிச் சிரித்துக்கொண்டு எழுத முடியாது. சன்ஷேடு, பால்கனி மாதிரி ஒரு பக்கம் மட்டும் பிடிப்புள்ள ஸ்லாபில் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்கவேண்டும். தொங்கும்போது இழுபடுவது மேல்பக்கம்தான். அறை ஸ்லாபுக்கு வரைந்த படத்தை அப்படியே நகலெடுத்துப் பால்கனிக்கு ஒட்டினால் கம்பி கீழே போய்விடும். கான்கிரீட்டைத் தாங்கிய சென்ட்ரிங் பலகையைப் பிரிக்கும்போது அப்படியே மடங்கி விழும். கணக்குப் போடுவது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்தான், ஆனால் அதைக் கோடாக மாற்றுவது டிராஃப்ட்ஸ்மேன். அவருக்கு ஏன் மேலே என்று தெரிந்திருந்தால், இன்ஜினியரே கை தவறினாலும் ஒரு போன் போடுவார்.

நகலெடுத்து ஒட்டுவதைக் கண்டுபிடிக்க ஒரு சுலப வழி, ஓரத்தில் இருக்கும் பொதுக் குறிப்புகளைப் படிப்பது. யாரும் படிப்பதில்லை, அதனாலேயே அங்கே உண்மை இருக்கும். இரண்டு மாடி வீட்டுக்கு வந்த ஒரு டிராயிங்கில் 'லிஃப்ட் குழிச் சுவர்' என்று ஒரு குறிப்பு பார்த்தேன். லிஃப்டே இல்லாத வீடு. கான்கிரீட்டின் பலம் எம்20 என்று குறிப்பில், பக்கத்து அட்டவணையில் எம்25. கம்பியை மூடும் கான்கிரீட் மறைப்பு தூணுக்கு 40 மில்லிமீட்டர், அஸ்திவாரத்துக்கு 50 என்று கான்கிரீட்டுக்கான தரக் குறியீடு ஐ.எஸ். 456 சொல்வதை எழுதாமல், எல்லாவற்றுக்கும் சேர்த்து 25 என்று ஒரே வரி.

திருத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. தாளின் மூலையில் வேலையின் பெயர் இருக்கும் தலைப்புக் கட்டத்துக்கு மேலே திருத்த எண், தேதி, என்ன மாறியது என்று ஒரு சிறு அட்டவணை இருக்கவேண்டும். இல்லையென்றால் மேஸ்திரி சாப்பாட்டுப் பையில் போன மாத பிளான் இருக்கும், வீட்டுக்காரர் போனில் இந்த வாரத்தது இருக்கும், கதவு ஒரு பக்கம், சுவிட்ச் பெட்டி ஒரு பக்கம்.

இவ்வளவு பட்டபிறகு யாரைப் பிடிப்பது என்று கேட்பீர்கள். முதலில் யார் யார் என்ற குழப்பம் தீரவேண்டும். ஆர்க்கிடெக்ட் என்று பெயருக்குப் பின்னால் போட 1972-ஆம் வருடச் சட்டப்படி ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிந்திருக்கவேண்டும். டிராஃப்ட்ஸ்மேன் அதைப் போட்டுக்கொண்டால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். நல்ல டிராஃப்ட்ஸ்மேனுக்கு அந்தப் பட்டம் தேவையும் இல்லை. தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில் 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரையான வீட்டுக்கு ஆன்லைனிலேயே அனுமதி கிடைத்துவிடுகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் விதிப்படி இருக்கிறது என்று சான்று சொல்வது நாமே என்று ஆகிவிட்டதால், தப்பான பிளான் போட்டவரைவிட அதைச் சமர்ப்பித்த வீட்டுக்காரர் தலையில்தான் வந்து விடியும். அனுமதிக்கான நாலு தாளும் கட்டுவதற்கான டிராயிங்கும் ஒன்றில்லை என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. அப்ரூவல் வந்துவிட்டது, ஆரம்பித்துவிடலாம் என்கிறார்கள். மின்சாரம், குழாய், படி விவரம், கதவு ஜன்னல் அட்டவணை எதுவும் அதில் இருக்காது.

காண்ட்ராக்டர் 'பிளான் இலவசம்' என்று சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும். நானும் காண்ட்ராக்டர்தான், அதனால் சொல்கிறேன்.

எலிவேஷன் படத்தை ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். கட்டி முடித்து ஆட்கள் குடியிருக்கும் ஒரு வீட்டின் முழு ஒர்க்கிங் டிராயிங்கை, அதாவது கட்டுவதற்கான டிராயிங்கை, காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் அந்த வீட்டைக் கட்டிய மேஸ்திரியிடம் பேசுங்கள். ஒரே ஒரு கேள்வி போதும்: வேலை நடக்கும்போது எத்தனை முறை போன் செய்ய வேண்டியிருந்தது? அக்கா வீட்டுக்கு நான் எண்ணவில்லை, எண்ணியிருந்தால் நூறைத் தாண்டியிருக்கும். டிராயிங்கின் தரத்துக்கு இதைவிடச் சரியான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. ஆட்டோகேட் ஃபைலும் சேர்த்துத் தருவாரா என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். பிறகு மாடி எடுக்கும்போது அது இல்லாமல் அளவெடுத்து முதலிலிருந்து வரையவேண்டியிருக்கும்.

இப்போது என் வேலைகளுக்கு வரைவது லால்குடிப் பக்கத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்யும் ஒரு பெண். ஐ.டி.ஐ. படிப்பு, பிறகு ஒரு கட்டுமான ஆபீசில் சில வருடம். முதல் வேலைக்குக் கூப்பிட்டபோது லேப்டாப் கொண்டுவரவில்லை, டேப் கொண்டுவந்தார். பத்திரத்தில் 40-க்கு 60 அடி என்று இருந்த மனை. நாலு பக்கமும் அளந்தார். பிறகு என்னை ஒரு முனையில் நிற்கவைத்து மூலைக்கு மூலை பிடிக்கச் சொன்னார். சரியான செவ்வகமாக இருந்தால் இரண்டு மூலைவிட்டமும் 72 அடி 1 இஞ்சுக்குக் கொஞ்சம் மேலே வரவேண்டும். ஒன்று 71 அடி 5 இஞ்ச், இன்னொன்று 72 அடி 9. மனை சாய்ந்திருந்தது. "பத்திரத்தை வச்சு வரைஞ்சிருந்தா ஒரு மூலை பக்கத்து வீட்டுக்காரர்கிட்டப் போயிருக்கும் அண்ணே" என்றார்.

தூண் அளவு கேட்டேன், 9-க்கு 12 இஞ்ச் போட்டுவிடலாமா என்று. "அது என் வேலை இல்லை. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்கிட்ட வாங்கிக் குடுங்க, போடுறேன்" என்றார். அந்தப் பதிலுக்காகவே கேட்ட தொகையைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். வந்த டிராயிங்கில், முதல் தாளில், தலைப்புக் கட்டத்துக்கு மேலே பெரிய எழுத்தில் ஒரு வரி: 'எல்லா அளவுகளும் பூச்சுக்கு முன், செங்கல்லுக்குச் செங்கல்.' அறை ஒவ்வொன்றிலும் கீழே சிறியதாகப் பூச்சுக்குப் பின் வரும் உள்கூடு. மேஸ்திரி அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு சிமென்ட் ஷெட் கதவில் ஒட்டினார்.

போன வாரம் புது வேலை ஒன்றுக்காக அந்தப் பெண் போன் செய்தார். இப்போதெல்லாம் போன் அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது. ரோடு மட்டம், குடிநீர்த் தொட்டி இடம், சமையலறையில் நின்று சமைப்பவரின் உயரம் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியாக, "வீட்டுல வயசானவங்க மாடிக்கு ஏறுவாங்களா அண்ணே?" என்றார். ஏறுவார்கள் என்றால் படி 6 இஞ்ச் வைக்கவேண்டும், 10 அடி 6 இஞ்சுக்கு 21 படி வரும், அதற்கான நீளத்தை இப்போதே ஒதுக்கவேண்டும்.

வீட்டுக்காரரிடம் கேட்டேன். அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அம்மா மாடியே வேண்டாம் என்கிறாராம். டிராயிங் அந்த இடத்தில் நிற்கிறது.